நடவு நட்ட கை ஏன் முறிந்தது?

கேள்வி (மன்னார்குடி):
அம்மாவுக்கு வயது 61. கிணற்றடிப் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8 என்று வந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் நடவு நட்டவருக்கு இது எப்படி வந்தது என்பது எனக்குப் புரியவில்லை.

மறுமொழி (திருவாரூர்):
இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு நலிந்து எளிதில் முறியும் நோய். உழைப்பு எலும்புக்கு உரமூட்டுவது உண்மைதான். ஆனால் மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால், பழைய எலும்பு கரைகிற வேகத்துக்குப் புதியது உருவாவதில்லை, முறிவு நேரும்வரை பெரும்பாலும் வலியும் தெரிவதில்லை. மூட்டுத் தேய்மானம் வேறு நோய். நம் பக்கத்தில் இரண்டையும் ‘தேய்மானம்’ என்றே சொல்லிவிடுகிறார்கள்.

மறுமொழி (திருவையாறு):
மூன்று வேளையும் அரிசியே உண்பதும் ஒரு குறை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் மிகச் சொற்பம். மோரும் முள்ளோடு தின்னும் சிறுமீனும் நல்லவை. ஆனால் முறிவு கண்ட பிறகு உணவு மட்டும் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.

மறுமொழி (கும்பகோணம்):
நான் எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறேன். விடியற்காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகலாம். அதுவரை டிகிரி காபியும் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை. கிணற்றடிப் பாசியை இன்றே தேய்த்துவிடுங்கள்.