ஏர் ரைஃபிள் முன் சைட் இன்செர்ட் தொலைந்துவிட்டது, பட்டறையில் செய்ய முடியுமா?

சிங்காநல்லூரான்:
வணக்கம். கிளப்பில் எனக்குக் கொடுத்திருப்பது பழைய ஜெர்மன் மேட்ச் ரைஃபிள், 4.5 எம்எம், 10 மீட்டர் சுடுவதற்கு. முன் சைட் (குழல் நுனியில் இருக்கும் குறி பார்க்கும் பாகம்) டனலுக்குள், அதாவது அதன் சின்னக் குழாய்க்குள், இருக்க வேண்டிய வட்ட இன்செர்ட்டைக் காணோம். கறுப்புக் குறியை நடுவில் வைத்துப் பார்க்கும் துளையுள்ள வில்லை அது. டனல் இருக்கிறது, மரை வளையமும் இருக்கிறது, நடுவில் வெறும் ஓட்டை. புதிதாக ஒரு செட் ஆர்டர் போட்டாயிற்று. மாவட்டப் போட்டிக்குள் வந்து சேராது போலிருக்கிறது.

அவசரத்துக்கு 0.3 எம்எம் பித்தளை ஷிம்மில் (மெல்லிய தகடு) 18 எம்எம் வட்டம் வெட்டி நடுவில் 4 எம்எம் ட்ரில் போட்டேன். துளை வட்டமாக வரவில்லை, மூன்று மூலையாக இழுத்துக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் அதன் ஓரம் வேறு மின்னுகிறது. டனலின் மேல்பக்கம் சின்ன வெட்டு ஒன்று இருக்கிறது, இன்செர்ட்டின் காது (ஓரத்தில் நீட்டியிருக்கும் சின்ன முனை) உட்காரத்தான் என்று நினைக்கிறேன். துளை என்ன அளவு வைக்கலாம்? எப்படி வட்டமாக எடுப்பது?

லேத்துக்காரர்:
மெல்லிசு தகட்டில் ட்ரில் போட்டால் அப்படித்தான் வரும் தம்பி. ட்ரில்லின் முனை அடியில் வெளியே வந்த பிறகுதான் முழு விட்டமும் தகட்டைத் தொடுகிறது. அந்த நேரத்தில் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை, ஆடும். 3 எம்எம் அலுமினியப் பட்டை இரண்டு எடுத்து, நடுவில் ஷிம்மை வைத்து இறுக்கி, மூன்றையும் சேர்த்து 3.8 போடுங்கள். அப்புறம் துளையைச் சீராக்கும் 4 எம்எம் ரீமரைக் கையாலேயே மெதுவாக விடுங்கள். வட்டம் சுத்தமாக வரும்.

இன்னொன்று, வெளிவட்டத்தை முதலில் வெட்டாதீர்கள். முதலில் துளை, பிறகு வெளிவட்டம். லேத்தில் 4 எம்எம் குச்சி ஒன்றை ரீமர் துளைக்குப் பொருந்தத் திருப்பிவிட்டு, சதுரத் துண்டாகவே ஷிம்மை அதில் மாட்டி, முன்னும் பின்னும் 17 எம்எம் வாஷர் போல இரண்டு துண்டு வைத்து அழுத்தி, 18க்குத் திருப்புங்கள். துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் வந்துவிடும். நம்ம ஊரில் லேத்துக்கா பஞ்சம்? மோட்டார் பம்ப் வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் டீ குடிக்கிற நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

ரேஞ்ச் மாஸ்டர்:
அளவு விஷயத்துக்கு வருகிறேன். 10 மீட்டர் குறி அட்டையில் கறுப்பு வட்டம் 30.5 எம்எம் விட்டம். நீங்கள் நிலை எடுத்து நிற்கும்போது கண்ணிலிருந்து முன் சைட் வரை எவ்வளவு தூரம் என்று ஒருவரை விட்டு டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 95 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்தக் கறுப்பு முன் சைட் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 2.9 எம்எம் ஆகத் தெரியும். 4.0 துளை என்றால் சுற்றிலும் அரை எம்எம்முக்குக் கொஞ்சம் கூடுதலாக வெள்ளை. அது போதும்.

3.3, 3.4 என்று சிறியதாகப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். இறுக்கமாகப் பிடித்தால் துல்லியம் என்ற எண்ணம். நடப்பது தலைகீழ். கறுப்பு ஓரத்தை உரசிக்கொண்டே இருக்கும், எந்தப் பக்கம் வெள்ளை குறைவு என்றே கண்ணுக்குப் பிடிபடாது, ட்ரிக்கரில் விரல் தயங்கும். 4.0க்குக் கீழே போகாதீர்கள்.

ஷிம் யோசனையில் எனக்கு ஒரு தயக்கம். முழுத் தகட்டில் ஒரு துளை மட்டும் என்றால் அந்தத் துளையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பக்கத்து லேன் அட்டையைப் பிடித்திருக்கிறீர்களா என்றுகூடத் தெரியாது. அடுத்தவர் அட்டையில் போட்ட குண்டு போட்டியில் உங்களுக்குப் பூஜ்யம்தான். ஒரிஜினல் உலோக இன்செர்ட்டில் ஒல்லியான வளையமும் அதைத் தாங்க இரண்டு கைகளும்தான் இருக்கும், மற்ற இடமெல்லாம் திறப்பு.

மஞ்சள் பெல்லட்:
அக்ரிலிக் போடுங்க ப்ரோ. பெயர்ப்பலகை செய்யும் கடையில் 2 எம்எம் தெளிவான ஷீட் கழிவுத் துண்டு சும்மாவே கிடைக்கும், லேசரில் 18 வட்டமும் 4 துளையும் காது உட்பட ஒரே வெட்டில் முடிந்துவிடும். அதுவரை பழக, ஓஹெச்பி ஷீட்டில் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) லேசர் பிரிண்டரில் 3.8, 4.0, 4.2, 4.4 என்று வளையங்கள் அடித்து வெட்டி மாட்டிப் பாருங்க. கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் உங்க கண்ணுக்கு எந்த அளவு ஒத்துவருதுன்னு தெரிஞ்சிடும்.

லேத்துக்காரர்:
லேசர் வெட்டு லேசாகச் சரிவாகத்தான் வரும், ஓரமும் உருகிப் பளபளக்கும். துளையை 3.5 மட்டும் லேசரில் எடுத்து, மீதியை ரீமரில் முடிக்கலாம். சோப்புத் தண்ணீர் விட்டு மெதுவாக. அவசரப்பட்டால் அக்ரிலிக் விரியும். பிறகு துளை வாயைச் சரிவாக்கும் கவுண்டர்சிங்க் பிட்டைக் கையில் பிடித்து ஒரு பக்கம் மட்டும் சரிவு கொடுங்கள். வெளிச்சம் அந்தச் சரிவில் திரும்பிப் போவதால் கண்ணுக்கு அது கறுப்பு வளையமாகத் தெரியும். கடையில் விற்கும் தெளிவான இன்செர்ட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது.

சிங்காநல்லூரான்:
நன்றி அண்ணா, நன்றி மாஸ்டர். ஒரு சந்தேகம். துளை மையத்திலிருந்து 0.1 எம்எம் தள்ளிப்போனால்?

ரேஞ்ச் மாஸ்டர்:
கண் பக்கம் இருக்கும் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. என்றால், 0.1 விலகல் அட்டையில் சுமார் 1.25 எம்எம். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 எம்எம், ஆக அரைப் புள்ளி. கேட்க பயமாக இருக்கும். ஆனால் அந்த விலகல் எப்போதும் ஒரே பக்கம் இருந்தால் பின் சைட் திருகைச் சில க்ளிக் திருப்பினால் தீர்ந்தது. இன்செர்ட் டனலுக்குள் சுழல்வதுதான் ஆபத்து. காது அதற்குத்தான். பட்டறையில் மையத்துக்கு உயிரை விடாமல், காதை வெட்டில் ஆடாமல் பொருத்துவதில் கவனம் வையுங்கள்.

மாட்டும் முன் ரைஃபிளில் பெல்லட் (குண்டு) இல்லை என்று பார்த்து, சேஃப்டி ஃப்ளாக் (குழல் காலி என்று காட்டும் செருகல்) போட்டுவிட்டு டனலை மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். பிசிறு பேரலுக்குள் போகக்கூடாது.

சிங்காநல்லூரான்:
அக்ரிலிக்கே செய்துவிட்டேன். ஓஹெச்பி ஷீட்டில் 4.2தான் கண்ணுக்கு இதமாக இருந்தது, அதனால் துளை 4.2. காதை அரத்தால் தேய்த்து இறுக்கமாக உட்கார வைத்தேன். பழைய ஷிம்மை விடக் கறுப்பு தெளிவாகத் தெரிகிறது, பக்கத்து அட்டை எண்ணும் தெரிகிறது. ஆனால் வளையத்தின் உள்ளே இன்னொரு மெல்லிய வளையம் நிழல் போலத் தெரிகிறது. சரிவு சரியில்லையா?

லேத்துக்காரர்:
சரிவு துளையின் முழு ஆழத்துக்கும் போகாமல் அடியில் நேர்ச்சுவர் மிச்சம் இருக்கும், அதுதான் இரண்டாவது வளையம். சரிவை இன்னும் கொஞ்சம் இறக்கி, நேர்ச்சுவர் நூலிழை அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். முழுசாக எடுத்துவிட்டால் துளை பெரிதாகிவிடும். அப்படியும் நிழல் தெரிந்தால் சரிவில் மட்டும் மேட் கறுப்பு பெயிண்டை ஒல்லி பிரஷ்ஷால் தொடுங்கள். பளபளக்கும் பெயிண்ட் வேண்டாம். மாட்டும்போது சரிவுள்ள பக்கம் அட்டையைப் பார்த்து இருக்கட்டும், கூரான ஓரம் உங்கள் கண் பக்கம்.

சிங்காநல்லூரான்:
திருப்பி மாட்டியிருந்தேன் போல. சரிவை அட்டைப் பக்கம் வைத்ததுமே பாதி நிழல் போய்விட்டது. மீதிக்கு நாளை கவுண்டர்சிங்க்.