சிரித்த பிறகும் பயம் விலகவில்லை: 1981இல் வந்த லண்டன் ஓநாய் மனிதன் படம்

இரவுக்காட்சி ரசிகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஜான் லாண்டிஸ் எழுதி இயக்கிய ‘அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்தை நேற்று இரவுதான் முதன்முறையாகப் பார்த்தேன். 1981இல் வெளிவந்த, ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் ஒரு படம் என்னை இந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. முழுநிலவு இரவில், இங்கிலாந்தின் வடக்கே ஒரு பொட்டல் வெளியில் வழி தவறி நடக்கும் இரண்டு அமெரிக்க இளைஞர்களை ஓநாய் தாக்குகிறது. ஜாக் இறந்துவிடுகிறான்; கடிபட்ட டேவிட் பிழைத்து, லண்டன் மருத்துவமனையில் கண் விழிக்கிறான். ஒரு நாள் காலைச் சிற்றுண்டித் தட்டு அவன் முன்னால் இருக்கும்போது, செத்துப்போன ஜாக் அறைக்குள் வந்து நிற்கிறான். கழுத்து கிழிந்து தொங்குகிறது. ஒரு சதைத் துணுக்கு, அவன் பேசப் பேச ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையில் அவன் கேட்பது ஒரு துண்டு ரொட்டி.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தத் துணுக்கிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை, முதுகு சில்லிட்டது. சிரிப்பு வந்தால் பயம் கலைந்துவிடும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இங்கே இரண்டும் ஒரே நொடியில் எப்படிச் சேர்ந்து வந்தன என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மூன்றாம் வரிசை எழுதியது:

நண்பரே, நீங்கள் தொட்டிருப்பது படத்தின் உயிர்நிலையை. இதில் யாரும் நம்மைச் சிரிக்கவைக்கும் நோக்கத்தோடு எதையும் செய்வதில்லை. கடிபட்டுப் பிழைத்தவன் முழுநிலவில் தானும் ஓநாயாக மாறுவான்; அந்த ஓநாய் வம்சத்தில் மிஞ்சியிருப்பவன் டேவிட் ஒருவன்தான். அவன் இருக்கும்வரை ஜாக்கின் ஆவிக்கு விடுதலை கிடையாது. அல்பாயுசில் போனவர்கள் அலைவார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லும் கணக்குதான் இதுவும். ஆனால் ஜாக் பழிவாங்க வரவில்லை, சிநேகிதனைப் பார்க்க வருகிறான். பிணங்களோடு பேசிக்கொண்டிருப்பது சலிப்பூட்டுகிறது, தனிமை தாங்கவில்லை என்று குறைப்படுகிறான். உயிரோடு இருந்தபோது இருந்த கேலியும் உரிமையும் குரலில் அப்படியே இருப்பதால் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தக் குரல் கிழிந்த தொண்டையிலிருந்து வருவதால் பயமும் கூடவே வந்துவிடுகிறது. அடுத்தடுத்து வரும்போதெல்லாம் உடல் மேலும் அழுகியிருக்க, நட்பில் மட்டும் மாற்றம் இல்லாதபடி கிரிஃபின் டன் நடித்திருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

தொடக்கத்தில் வரும் மதுக்கடையையும் நினைத்துப் பாருங்கள். கடையின் பெயர் ‘வெட்டுண்ட ஆட்டுக்குட்டி’ என்று பொருள்படும். பெயர்ப்பலகையில் இருப்பதோ கழியில் செருகிய ஓநாய்த் தலை. உள்ளே ஒருவர் சொன்ன வேடிக்கைக் கதைக்குக் கடையே குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, சுவரில் உள்ள ஐந்துமுனை நட்சத்திரம் எதற்கு என்று ஜாக் கேட்கிறான். சிரிப்பு சட்டென்று அறுந்துபோகிறது. பலகையில் டார்ட் எனும் சிறு அம்பை எறிந்துகொண்டிருந்தவருக்குக் குறி தவறுகிறது. இந்தப் பலகையில் நான் இதுவரை தவறியதே இல்லை என்று அவர் ஜாக்கைக் கடிந்துகொள்கிறார். ஓநாய் இன்னும் திரையில் வரவே இல்லை. நமக்கோ அப்போதே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடுகிறது.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு சுரங்க ரயில் நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் கோட்டு அணிந்த மனிதரும் அப்படித்தான். ஆளில்லாத நடைபாதையில் உறுமல் கேட்டதும், இது கொஞ்சமும் வேடிக்கையாக இல்லை, நான் புகார் செய்வேன் என்று மரியாதை குறையாமல் அறிவிக்கிறார். சாவு முன்னால் நிற்கும்போதும் பழகிப்போன நடத்தையை விட முடியாத மனிதர்கள்தாம் இந்தப் படம் முழுக்க வருகிறார்கள். நகர்படியில் அவர் விழுந்து கிடக்க, கீழே, திரைச்சட்டத்தின் ஓரத்தில் அந்த மிருகம் மெல்ல உள்ளே வருவதை உச்சியிலிருந்து காட்டுகிறார்கள். அந்தத் தொலைவே போதுமானதாக இருக்கிறது.

நிலாமுற்றம் எழுதியது:

அண்ணன் மூன்றாம் வரிசை சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒப்பனையைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயமுறுத்தும் உருமாற்றம் என்றால் இருட்டிலும் நிழலிலும் ஒளித்துக் காட்டுவதுதான் வழக்கம். லாண்டிஸோ விளக்கு எரியும் சாதாரண வீட்டின் வரவேற்பறையில், எதையும் மறைக்காமல் காட்டுகிறார். உடம்பெல்லாம் எரிகிறது என்று அலறி, டேவிட் ஆடைகளைப் பிய்த்தெறிகிறான். பிறகு தன் உள்ளங்கை நீண்டுகொண்டே போவதைத் தானே பார்த்துக் கதறுகிறான். ரிக் பேக்கரின் குழு செய்த செயற்கைக் கைகளும் தலைகளும் உள்ளிருந்தே நீளும்படி அமைக்கப்பட்டிருந்தன. ரோமம் முளைப்பது போன்ற காட்சிக்கு, ரப்பர் தோலுக்குள் ரோமத்தை இழுத்துப் படமெடுத்து, அதைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். கணினி வரைகலை எதுவும் இல்லை. சிறந்த ஒப்பனைக்கென்று ஆஸ்கரில் தனிப்பிரிவு தொடங்கியபோது முதல் விருதைப் பெற்றவர் பேக்கர். அது இந்தப் படத்துக்காகத்தான். மைக்கேல் ஜாக்சன் தம் ‘த்ரில்லர்’ காணொளிக்கு லாண்டிஸையும் பேக்கரையும் அழைத்ததற்குக் காரணமும் இந்தப் படமே.

எனக்கு அந்தக் காட்சி வலியாகவே தெரிகிறது. எலும்பு நகரும் ஓசை கேட்கும்போதெல்லாம் என் தாடையை நானே பிடித்துக்கொள்கிறேன்.

கடைசி இருக்கை எழுதியது:

படத்தை நானும் மிகவும் விரும்புகிறேன், ஆனால் முடிவைப் பற்றி எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. பிக்காடில்லி சதுக்கத்தில் கார்களும் பேருந்துகளும் மோதி நொறுங்கும் அமளிக்குப் பிறகு, டேவிட் செத்துக்கிடக்கும் சந்தில் அவனை நேசித்த செவிலி அலெக்ஸ் அழுதுகொண்டு நிற்கும்போதே, துள்ளலான பாட்டுடன் படத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறார்கள். அலெக்ஸாக நடித்த ஜென்னி அகட்டரின் முகத்தில் அவ்வளவு துயரம் இருக்கிறது. அழுவதற்கு நமக்கு ஒரு நிமிடமாவது கொடுத்திருக்க வேண்டாமா?

மூன்றாம் வரிசை எழுதியது:

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பாட்டைச் சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். படத்தின் பாடல்கள் அனைத்தும் நிலவைப் பற்றியவை. அவற்றுள் ‘ப்ளூ மூன்’ மட்டும் மூன்று குரல்களில் வருகிறது. தொடக்கத்தில் வெறுமையான மேட்டுநிலத்தின் மேல் பாபி வின்டன் இதமாகப் பாடுகிறார். டேவிட்டின் எலும்புகள் முறுகும்போது, அவன் வேதனை தனக்குச் சம்பந்தமே இல்லாதது போல, சாம் குக்கின் குரல் குழைந்து ஒலிக்கிறது. கடைசியில் மார்செல்ஸ் குழு அதே பாட்டைக் குதூகலமாகப் பாடுகிறது. கீழே யார் செத்தாலும் நிலவுக்கு ஒன்றும் இல்லை என்பதை அந்தப் பாட்டு மூன்று முறையும் சொல்கிறது. அழுவதற்கு நேரம் கொடுத்திருந்தால் நாம் தேறியிருப்போம். கொடுக்காததால்தான் அலெக்ஸின் முகம் இன்றும் உங்களுக்கு மறக்கவில்லை.

இரவுக்காட்சி ரசிகன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உருமாற்றத்தின்போது பின்னணியில் பாட்டு ஓடியதே என் காதில் விழவில்லை, அலறல் மட்டும்தான் கேட்டது. பிள்ளைகள் பார்க்கக்கூடிய படம் இல்லை என்பதால், அவர்கள் உறங்கிய பிறகு இன்றே மறுபடியும் பார்க்கப்போகிறேன். இந்த முறை சாம் குக்கின் குரலைக் கேட்பதற்காக.