பாராமுகமும் அலட்சியமும் ஒன்றா?

கேள்வி:
என் அப்பா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் நான் வேலை முடிந்து வந்ததும், நாளிதழில் படித்ததையெல்லாம் சொல்லத் தொடங்குவார். நானோ கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல் "ம்" கொட்டிக்கொண்டிருப்பேன். சில மாதங்களாக அவர் எதுவும் சொல்வதில்லை. நேற்று அந்த நாளிதழ் மடிப்புக் கலையாமல் திண்ணையிலேயே கிடந்ததைக் கண்டு மனம் பதறிவிட்டது. அவரை நான் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் குறை வைத்ததுமில்லை. என்னுடையது அலட்சியமா? அது ஒருவரை இந்த அளவுக்கு மாற்றிவிடுமா?

மறுமொழி 1:
மருந்து வேளையைத் தவறவிடுவதும் அலட்சியம்தான். பாராமுகம் அப்படியன்று, அது ஓர் ஆளை நோக்கியது, எதிரில் இருப்பவரைக் கண்டும் காணாதிருப்பது. "முகம் கொடுத்துப் பேசுதல்" என்று சொல்கிறோம் அல்லவா, உங்கள் அப்பாவுக்குக் கிடைக்காமல் போனது அந்த முகம்தான். கடிந்து பேசியிருந்தால்கூட அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். வெறும் "ம்" என்பதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

மறுமொழி 2:
அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் செய்த சோதனை நினைவுக்கு வருகிறது. கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாய், திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் அப்படியே இருப்பார். அடிப்பதில்லை, எழுந்து போவதுமில்லை. குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரலெழுப்பும். எதற்கும் அசைவில்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் மறுபடி கொஞ்சத் தொடங்கிய பிறகும் சிணுங்கல் உடனே அடங்கிவிடுவதில்லை. பெரியவர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், முயன்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் அந்த வரிசையை உங்கள் அப்பாவிடமும் காண்கிறேன். அதனால், நீங்கள் பேசத் தொடங்கிய முதல் நாளே அவர் பழையபடி பேசவில்லை என்றால் மனம் தளர்ந்துவிடாதீர்கள்.

மறுமொழி 3:
தம்பி, எனக்கும் உங்கள் அப்பா வயதுதான் இருக்கும். முதலில் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எனக்குக் கண்புரை வந்தபோது எழுத்தெல்லாம் புகை படிந்தாற்போல் மங்கியது. அதை வீட்டில் சொல்லவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று, ஏனென்றால் சொன்னாலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள் என்று நானே முடிவு செய்திருந்தேன்.