எல்லார் பாட்டனும் ட்ரூரோவிலா வந்தார்?

டொங்காட்காரன்: நேற்று இங்கே ஒரு அறிவுரை படித்தேன். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பர்சனல் ஸ்டேட்மென்டை, அதாவது தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையை, "என் கொள்ளுப்பாட்டனார் 1860இல் ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்து இறங்கினார்" என்று தொடங்க வேண்டுமாம். இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் ட்ரூரோ; அதில் வந்தது 342 பேர். 1911 வரை நேட்டாலுக்கு வந்த கூலிகள் 1,52,000க்கு மேல். எல்லார் பாட்டனும் அந்த ஒரே கப்பலிலா ஏறினார்?

உம்கேனி அக்கா: எழுதியது நான்தான். பேரைச் சொல்ல என்ன கூச்சம் தம்பி? நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் படிக்கிறவனை முதல் வரி பிடித்து நிறுத்த வேண்டும். எங்கள் ஆயா ட்ரூரோ என்றுதான் சொல்வார்.

டொங்காட்காரன்: ஆயா சொன்னாராம்! கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், ஊர், வயது, உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறான். உங்கள் ஆளின் எண் என்ன?

ஃபீனிக்ஸ் பையன்: அண்ணா, வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் போடும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் இரண்டு கட்டுரை கேட்கிறது. ஒன்றில் என்ன ஆராயப் போகிறேன், இன்னொன்றில் எப்படி வளர்ந்தேன். பாட்டனை எதில் போடுவது?

டொங்காட்காரன்: எதிலும் வேண்டாம். சீட்டு உனக்கா, பாட்டனுக்கா? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் பாழாகி, மாதக்கணக்கில் குழாயைத் திறந்தால் காற்றுதான். லாரிக்கு முன்னால் வாளியோடு நின்றதில்தான் என் கட்டுரையைத் தொடங்கினேன்.

உம்கேனி அக்கா: இடம் கிடைத்ததா?

டொங்காட்காரன்: காத்திருப்போர் பட்டியல். அது வேறு விஷயம். எண் என்ன?

மாரிட்ஸ்பர்க் மாமா: அக்கா, இப்போது விண்ணப்பிக்கும் 22 வயதுப் பெண்ணுக்கு 1860இல் வந்தவர் கொள்ளுப்பாட்டனா? தலைமுறைக் கணக்கு இடிக்கிறதே.

உம்கேனி அக்கா: காவடித் திருவிழாவில் மைக்கைப் பிடித்தால் முக்கால் மணி நேரம் விடாதவர் எனக்குக் கணக்கு சொல்கிறார்!

மாரிட்ஸ்பர்க் மாமா: அன்று மைக்கை என் கையில் கொடுத்ததே உங்கள் வீட்டுக்காரர்தான்.

ஃபீனிக்ஸ் பையன்: 500 வார்த்தைதான் அனுமதி. யாராவது சொல்லுங்கள்.

டொங்காட்காரன்: தம்பி, கொஞ்சம் பொறு. அக்கா, க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாக ஆவண மையத்தில் போய்க் கேளுங்கள். ட்ரூரோவுக்குப் பத்து நாள் கழித்து பெல்விடியர் வந்தது, அது கல்கத்தாக் கப்பல், ட்ரூரோ மாதிரி மதராஸிலிருந்து வந்ததல்ல, தமிழர்களான உங்களுக்கு அதுவும் ஆகாது. எண் இல்லாமல் ட்ரூரோ என்று எழுதினால் அது பொய்.

உம்கேனி அக்கா: எங்கள் ஆயா பொய்காரியா? ட்ரங்குப் பெட்டியில் காகிதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துப் போடுகிறேன்.

டொங்காட்காரன்: போன வருஷமும் இதே ஞாயிற்றுக்கிழமை.

ஃபீனிக்ஸ் பையன்: எனக்கு வெள்ளிக்கிழமை.