கறுப்புச் சிவப்பு ஓடு: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ

பூநகரிப் பக்கம் வரலாறு படிப்பிக்கிறன். ஆறாம் ஆண்டுப் பெடியன் ஒருத்தன் பாடம் நடக்கேக்க பழைய மண்பானை ஓட்டுத்துண்டொண்டைக் கொண்டுவந்து மேசையில வைச்சான். "சேர், அப்பா உழேக்க வந்தது. ஏன் உள்ளுக்குக் கறுப்பு, வெளியில சிவப்பு?"

பதில் எனக்குத் தெரியும், சோதினைக்குப் பாடமாக்கினதுதானே. ஆனால் அப்பிடியொரு துண்டைக் கையில தொட்டது அண்டைக்குத்தான். வெட்கமாய்ப் போச்சு.

பானையைக் கவிட்டு வைச்சுச் சுட்டால் உள்பக்கத்துக்கும் வாய் விளிம்புக்கும் காத்துப் படாது, கறுத்துப்போகும். காத்துப் பட்ட வெளிப்பக்கம் மண்ணில இருக்கிற இரும்பால சிவக்கும். சொல்லி முடிக்கேல்லை, பின்வாங்கில் பிள்ளை ஒண்டு, "அப்ப விளிம்பைப் பாத்தே எப்பிடி அடுக்கினவை எண்டு சொல்லலாமோ?" எண்டாள். அண்டைக்குப் புத்தகத்தை மூடினதுதான்.

பேராசிரியர் புஷ்பரட்ணம் இதே மண்ணை ஆராய்ஞ்சு 1993 இல 'பூநகரி தொல்பொருளாய்வு' எண்டு நூலே போட்டவர். எங்கட பள்ளிக்கூட அலுமாரியில அது இல்லை.

அடுத்த கிழமை மேசையில பதினாலு துண்டு! பிழை என்னிலதான். எந்த வயல், எவ்வளவு ஆழம், பக்கத்தில என்ன கிடந்தது எண்டது போனால் அது வெறும் ஓடு. அதை முதலே சொல்லியிருக்க வேணும்.

*

நான் டிப்பர் ஓடினவன். இரணைமடுப் பக்கம் கிரவல் எத்தினை லோட் ஏத்தியிருப்பன் எண்டு கணக்கில்லை. பிறகு மகளின்ர கொப்பியைப் பாத்துத்தான் தெரியும், செம்மணலுக்குக் கீழ கிடக்கிற அந்தக் கிரவலுக்குள்ளதான் கற்கால ஆக்களின்ர கருவியள் கிடைச்சதாம். அந்தப் படிவுக்கே இரணைமடு எண்டுதான் பேர். தெற்கில பூந்தலவில இதே படிவில எடுத்த சின்னக் கற்கருவியள் கிட்டத்தட்ட 28,000 வருசம் பழசாம். கூரான வெள்ளைக்கல்லு ரயரைக் கிழிச்சால் நாங்கள் தூசணத்தால பேசிப்போட்டு எறிஞ்சிருக்கிறம். எது கல்லு, எது கருவியெண்டு ஆர் கண்டது!

*

என்னட்டை ஓடு இல்லை, ஒரு கல்லுக் கதைதான். கற்சிலைமடுவுக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனவை. ஆங்கிலேயப் படைக் கப்டன் வொன் டிரிபேர்க் இந்த இடத்துக்கு அண்மையில வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சார், 1803 ஒக்ரோபர் 31 எண்டு இங்கிலிசில பொறிச்ச கல்லு. வாசிச்சுக் காட்டின ரீச்சரிட்டை என்ர சிநேகிதி கேட்டாள்: "அதே வருசம் ஓகஸ்ட் 25 இல பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சதை ஏன் எழுதேல்லை?" ரீச்சர் சிரிச்சுப்போட்டு, "கல்லு நட்டது ஆர் பிள்ளை?" எண்டா. ஓ.எல்.லுக்குப் படிச்சதில கனக்க மறந்திட்டன், இது மறக்கேல்லை.

*

எல்லாம் சரி. எங்கட ஊரில ஏதும் தட்டுப்பட்டால் திருப்பி மூடிப்போட்டு வாய் திறக்க மாட்டினம். அறிவிச்சால் காணி போயிடும் எண்ட பயம். சேர் இதுக்கு என்ன சொல்லுறியள்?

*

முதல் எழுதின ஆள்தான். தம்பி, அந்தப் பயத்தை நான் பகிடி பண்ண மாட்டன், எனக்கும் வயல் இருக்கு. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் கிண்டுறது குற்றம். அதைப் பிள்ளையளுக்குச் சொல்லத்தான் வேணும். இப்ப துண்டைக் கிடந்த இடத்திலயே விட்டிட்டு, பக்கத்தில ஒரு பேனையை வைச்சுப் போனில படம் எடுக்கச் சொல்லுறன், அளவு தெரியும். குளம், வாய்க்கால், வயலின்ர பேர் கொப்பியில ஏறும். காணிக்காரரின்ர பேர் எழுதுறதில்லை.