டாக் அபௌட் சரி, டிஸ்கஸ் அபௌட் தப்பு: எந்த வினைக்கு எந்த பிரெபொசிஷன்?

குறில்நெடில்:
‘வி டாக்ட் அபௌட் த பிளான்’ சரி, ‘வி டிஸ்கஸ்ட் அபௌட் த பிளான்’ தப்பு என்கிறார்கள். பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதானே? அதேபோல ‘ரீச்ட் த ஸ்டேஷன்’, ஆனால் ‘அரைவ்ட் அட் த ஸ்டேஷன்’. இதற்கு விதி உண்டா, இல்லை மனப்பாடம்தானா?

இன்னொன்று. ‘லுக் அட் த வேர்ட்’ (சொல்லைப் பார்), ‘லுக் அப் த வேர்ட்’ (சொல்லை அகராதியில் தேடு) இரண்டும் பார்வைக்கு ஒரே அமைப்பு. ஆனால் ‘லுக் த வேர்ட் அப்’ என்று மாற்றிப் போடலாம், ‘லுக் த வேர்ட் அட்’ கூடாதாம். எதை வைத்துப் பிரிப்பது?

வேற்றுமை_உருபு:
முதல் கேள்விக்கு: பொருளைப் பார்க்காதீர்கள், வினையைப் பாருங்கள். தமிழிலும் இதே கதைதான். அவரைப் பார்த்தேன், அவரிடம் கேட்டேன், அவருக்கு உதவினேன், அவரோடு பேசினேன். எந்த உருபு வர வேண்டும் என்பதை வினைதான் முடிவு செய்கிறது. ஆங்கில வினையும் அப்படியே. நம் உருபை அங்கே கொண்டுபோய் ஒட்டுவதில்தான் சிக்கல்.

‘பற்றி’ என்று நினைப்பதால் ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘மென்ஷன் அபௌட்’ வருகிறது. ‘க்கு’ நினைவால் ‘ரீச் டு’. ‘இடம்’ இருப்பதால் ‘ஐ ஆஸ்க்ட் டு ஹிம்’. இந்த நான்கு வினைகளும் செயப்படுபொருளை நேரடியாக எடுப்பவை, நடுவில் எதுவும் வேண்டாம். ‘மேரீட் வித் ஹெர்’ என்பதும் நம் ‘உடன்’ செய்யும் வேலை; ‘மேரீட் ஹெர்’ அல்லது ‘காட் மேரீட் டு ஹெர்’ என்றால் சரி.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். ‘டெல் மீ’ சரி என்பதால் ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ த பிராப்ளம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘எக்ஸ்ப்ளெய்ன் த பிராப்ளம் டு மீ’ என்றுதான் வர வேண்டும். ‘சே’, ‘சஜெஸ்ட்’ இரண்டும் இதே கட்சி.

பலரும் கவனிக்காதது ஒன்று: இந்த வினைகளில் பல, பெயர்ச்சொல்லாக மாறும்போது பிரெபொசிஷனைக் கேட்கும். ‘எ டிஸ்கஷன் அபௌட் த பிளான்’ சரியான ஆங்கிலம். ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி, ‘ஐ ரிக்வெஸ்டட் லீவ்’ சரி, ‘ஐ ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்’ தப்பு. ‘எம்ஃபசிஸ் ஆன் கிராமர்’, ஆனால் வினையாக வந்தால் ‘எம்ஃபசைஸ் கிராமர்’. தப்பு காதுக்கு உறுத்தாமல் போவதற்கு இந்தப் பெயர்ச்சொல் வடிவம் பழகிப்போனதும் ஒரு காரணம்.

சொற்றொடர்_தச்சன்:
இரண்டாவது கேள்விக்கு ‘ரேன் அப்’ நல்ல உரைகல். ‘ஹீ ரேன் அப் எ ஹில்’: குன்றில் ஏறி ஓடினான். ‘ஹீ ரேன் அப் எ பில்’: செலவை இழுத்துப் பாக்கியை ஏற்றிவிட்டான். எழுத்தில் ஒரே அச்சு, உள்ளே வேறு வேறு.

பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். குன்றுக்கு ‘ஹீ ரேன் அப் இட்’, பில்லுக்கு ‘ஹீ ரேன் இட் அப்’. முதலாவதில் ‘அப்’ குன்றோடு ஒட்டிய பிரெபொசிஷன். இரண்டாவதில் அது வினையின் துண்டு; ‘ரேன்’, ‘அப்’ இரண்டும் சேர்ந்ததுதான் ஃப்ரேசல் வெர்ப். இப்படிப் பிரியக்கூடிய ஃப்ரேசல் வெர்பில் ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ போன்றவை நடுவில் வந்தே தீர வேண்டும். ‘லுக் அப் இட்’ என்பது தவறாவது இதனால்தான்.

சந்தேகம் தீரவில்லையா? நடுவில் ‘கேர்ஃபுலி’ செருகிப் பாருங்கள். ‘லுக்ட் கேர்ஃபுலி அட் த வேர்ட்’ நிற்கும். ‘லுக்ட் கேர்ஃபுலி அப் த வேர்ட்’ நிற்காது.

‘புட் அப் வித்’ (பொறுத்துக்கொள்) மாதிரி மூன்று துண்டுகள் வந்தால் கடைசித் துண்டு பிரெபொசிஷன். அங்கே ‘புட் அப் வித் இட்’தான், நடுவில் ‘இட்’டை நுழைக்க முடியாது.

இடைநிலை:
வேற்றுமை_உருபு சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எல்லாமே மனப்பாடம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சில இடங்களில் பிரெபொசிஷனுக்கே தனிப் பொருள் உண்டு. ‘த்ரோ த பால் டு ஹிம்’ என்றால் அவன் பிடிக்கட்டும் என்று எறிவது, ‘த்ரோ த பால் அட் ஹிம்’ என்றால் அவன்மேல் படட்டும் என்று எறிவது. ‘ஷௌட்’டிலும் இதே பிளவு: ‘டு’ போட்டால் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறீர்கள், ‘அட்’ போட்டால் திட்டுகிறீர்கள். ‘ஹீ ஷாட் த பேர்ட்’ என்றால் குண்டு பட்டுவிட்டது; ‘ஹீ ஷாட் அட் த பேர்ட்’ என்றால் குறிவைத்துச் சுட்டான், பட்டதா என்பது தெரியாது.

கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும், நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘வீட்டில் தங்கினேன்’ என்பதை ‘நான் தங்கிய வீடு’ என்று திருப்பினால் ‘இல்’ காணாமல் போகிறது. ‘பேனாவால் எழுதினேன்’, ‘நான் எழுதிய பேனா’: ‘ஆல்’ போயிற்று. தமிழில் அது போனதே தெரியாது. ஆங்கிலத்தில் போகக் கூடாது. ‘த ஹவுஸ் ஐ ஸ்டேய்ட் இன்’, ‘த பென் ஐ ரோட் வித்’ என்று கடைசியில் தொங்கிக்கொண்டாவது இருக்க வேண்டும். ‘ஹூ ஆர் யூ வெய்ட்டிங் ஃபார்?’ கேள்வியிலும் அப்படியே. வாக்கியத்தை பிரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று சொல்லும் பழைய அறிவுரையை நம்பி அதை வெட்டிவிடாதீர்கள், வாக்கியமே உடைந்துவிடும்.

சொற்றொடர்_தச்சன்:
இதோடு வரிசையையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘ஆறு மணிக்கு பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போனார்’ என்பதை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து அடுக்குங்கள்: ‘ஹீ வென்ட் டு த ஸ்டேஷன் பை பஸ் அட் சிக்ஸ்’. வினை கட்டாயமாகக் கேட்பது வினைக்கு அருகில், உபரித் தகவல் தள்ளி. ‘புட்’ இடத்தைக் கேட்கும் வினை. ‘ஐ புட் த புக்’ என்று நிறுத்தினால் அரைகுறை. ‘ரெட்’ அப்படிக் கேட்காது. அதனால்தான் ‘ஐ ரெட் த புக் ஆன் த டேபிள்’ என்றால் மேசைமேல் இருந்த புத்தகமா, மேசைமேல் உட்கார்ந்து படித்தேனா என்று இரண்டு பொருள் வருகிறது.

குறில்நெடில்:
அந்த ‘இட்’ சோதனை ஒன்றே போதும், நன்றி. கடைசியாக ஒன்று: ‘ஐ வான்ட் டு மீட் யூ’, ஆனால் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’. ஒரே ‘டு’வுக்கு ஏன் இரண்டு நடத்தை?

வேற்றுமை_உருபு:
அவை இரண்டு வேறு ‘டு’க்கள். அடுத்து ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்’ பொருந்துகிறது, ஆகவே அது பிரெபொசிஷன். பின்னால் வினை வந்தால் ‘-இங்’ சேர வேண்டும். ‘வான்ட் டு த ஹாலிடேஸ்’ பொருந்தாது, ஆகவே வெறும் வினை. ‘அப்ஜெக்ட் டு’ முதல் வகை. ‘யூஸ்ட் டு’வில் மட்டும் நிதானம் தேவை: ‘ஐ யூஸ்ட் டு டிரைவ்’ என்றால் முன்பு ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்’ என்றால் ஓட்டிப் பழகிவிட்டது.