இருபது கேள்விகளால் இணைய அடிமைத்தனத்தை அளந்துவிட முடியுமா?

தரமணி வாசகன்:
சென்னைக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களிடம், அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998-இல் வெளியிட்ட இணைய அடிமைத்தனச் சோதனையை நிரப்பி வாங்கி, 50 மதிப்பெண்ணைத் தாண்டியவர்களின் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். என் அண்ணன் மகனுக்கு 54. ‘இணையத்துக்கு அடிமை’ என்று அச்சடித்த தாளைப் படித்த அண்ணி அன்று சாப்பிடவே இல்லை. இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 50 முதல் 79 வரை என்றால் இணையத்தால் அவ்வப்போதோ அடிக்கடியோ சிக்கல் எழுகிறது என்பதுதான் அதற்குரிய விளக்கம். அடிமை என்ற முத்திரையைக் குத்தியது கல்லூரியே. செய்ய வேண்டிய வேறு வேலை இருக்கும்போது முதலில் மின்னஞ்சலைப் பார்ப்பீர்களா என்று ஒரு கேள்வி கேட்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் பயிற்சிப் பணிக்குப் போகும் பையன் அப்படிப் பார்க்காவிட்டால் அல்லவா வசவு வாங்குவான்?

கீழ்ப்பாக்கம் உளவியலாளர்:
கடிதத்தின் வாசகம் தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதற்காகக் கருவியையே தூக்கி எறியச் சொல்வது சரியன்று, ஐயா. மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 பட்டியலை மருத்துவர்கள் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். அதை யாரும் ஜோசியம் என்று சொல்வதில்லை. பையன் தேர்வில் கோட்டை விட்ட பிறகுதான் நம் வீடுகளில் ஆலோசனைக்கே அழைத்து வருகிறார்கள், அதுவும் ‘இவன் திமிர் பிடித்தவன்’ என்ற புகாரோடு. நினைத்ததைவிட அதிக நேரம் இணையத்தில் தங்கிவிடுகிறாயா என்ற முதல் கேள்விக்கு அவன் ‘எப்போதும்’ என்று குறிக்கும்போது, அதுவரை தாயிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறான். பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2014-இல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியதும், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 மின்னணு விளையாட்டுக் கோளாறை ஏற்றுக்கொண்டதும் இல்லாத நோய்க்காகவா?

புள்ளியியல் மாணவி:
ஐசிடி-11 ஏற்றது விளையாட்டுக் கோளாறைத்தான். பொதுவான இணைய அடிமைத்தனம் அதில் தனி நோயாக இடம்பெறவில்லை. பிஎச்க்யூ-9 உவமையும் பொருந்தாது. அதன் எல்லை மதிப்பெண்ணை 2001-இல் 580 பேரிடம் மனநல வல்லுநர்கள் நடத்திய நேர்காணலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். யங் வகுத்த 50, 80 என்ற எல்லைகள் அப்படிப் பிறந்தவை அல்ல. சூதாட்டக் கோளாற்றின் அளவுகோல்களைத் தழுவி அவர் முதலில் எட்டுக் கேள்விகளை அமைத்தார். பின்னர் அவற்றையே இருபதாக விரித்தார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1000 மாணவரில் 20 பேருக்கு உண்மையான பாதிப்பு இருப்பதாகக் கொள்வோம். பாதிப்புள்ளவர்களில் 90 விழுக்காட்டினரையும் இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரையும் சோதனை சரியாக இனங்காணும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், சரியாகப் பிடிபடுவோர் 18 பேர், தவறாகப் பிடிபடுவோர் 98 பேர். 116 கடிதங்களில் 98 தேவையற்ற வீட்டுக்குப் போய்ச் சேரும்.

கீழ்ப்பாக்கம் உளவியலாளர்:
கணக்கு சரிதான், அம்மா. ஆனால் அந்த 116 பேரையும் ஆலோசகர் தலைக்கு அரை மணி நேரம் நேரில் சந்தித்தால் 98 பேருக்கும் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. மற்ற 18 பேருக்கோ அதுவே வாசல். வடிகட்டுதல் என்பதே இரண்டு கட்டங்களாக நடப்பதுதான்.

தரமணி வாசகன்:
அந்த இரண்டாம் கட்டத்தைத்தான் இங்கே யாரும் நடத்தவில்லையே! மேலும், தாளில் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதச் சொன்னார்களாம். அடுத்த முறை எல்லாவற்றுக்கும் ‘அரிதாக’ என்று குறித்துவிடப் போவதாகப் பையன்கள் இப்போதே பேசிக்கொள்கிறார்கள்.

கீழ்ப்பாக்கம் உளவியலாளர்:
பெயரில்லாமல் வாங்கினால் அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு விழுக்காடு கிடைக்கும். உதவி தேவைப்படும் பிள்ளை யார் என்று தெரியாது. பெயர் கேட்கலாம், ஆனால் தாள் ஆலோசகரின் கையைத் தாண்டக் கூடாது.

புள்ளியியல் மாணவி:
துறைத்தலைவர் கேட்டால் கொடுக்க மறுக்கும் ஆலோசகர் இருக்கும் கல்லூரியில் மட்டும் அப்படிச் செய்யட்டும். மற்ற கல்லூரிகளில் பெயர் வேண்டாம்.